குமுதவல்லியின் எண்பத்தேழாவது கட்டுரை

ஆட்டுக்குட்டிகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய கட்டுரையைப் பட்டியலில் சேர்த்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மனம் கொஞ்சம் லேசாகும். சென்னையில் மூன்று நாள் நான் அலைந்ததும், என் பதினாலு மாத மகள் யாழினி ஒரு பேருந்தில் ஏழெட்டுப் பேர் கைமாறிப் போனதும், அவளுடைய மஞ்சள் குல்லா இப்போது எங்களிடம் இல்லாததும், எல்லாம் அந்த ஆடுகளால் வந்தவைதான்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகிக் கோலாலம்பூரில் இருக்கிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் ஒப்பந்த வேலை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதும் எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, சென்னையைச் சேர்ந்த புள்ளியியல் பேராசிரியர் எம். குமுதவல்லியின் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடுவது. எங்கள் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு விருது கொடுக்கிறது. விழா மலரின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் 'எண்பத்தேழு ஆய்வுகள்' என்று அச்சிட்டாயிற்று. உள்பக்கங்கள் அச்சுக்குப் போகுமுன், பட்டியல் சரி என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். மின்னஞ்சலுக்கெல்லாம் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது: நேரில் வந்தால் பேசலாம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்து வரவேண்டும் என்றார் மேலதிகாரி. இந்த வேலை முடிகிற விதத்தைப் பார்த்துத்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி முடிவு செய்வார்கள் என்பதையும் ரொம்ப இனிமையாகச் சொன்னார். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே புதன்கிழமை காலை நானும் யாழினியும், என் மாமியார் எழுதிக்கொடுத்த இரண்டு பக்க எச்சரிக்கைகளும் சென்னையில் இறங்கினோம்.

விமான நிலைய வாசலிலேயே ஆரம்பமாகிவிட்டது. குழந்தைக்குக் குல்லா போடவில்லையா, காதில் காற்று போகுமே என்று கேட்டார் ஒரு அம்மாள். நான் உடனே போட்டேன். ஆட்டோவில் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாமா, புள்ள வேர்த்துக்கினு கீது. குல்லாவக் கயட்டும்மா" என்றார். கழற்றினேன். மயிலாப்பூரில் இறங்கும்போது பூக்காரப் பெண்மணி மறுபடி போடச் சொன்னார். கோலாலம்பூரில் ஒரு வருடம் முழுக்க வண்டியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனாலும் குழந்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே ஒன்றரை மணி நேரத்தில் நான் மூன்று தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டிருந்தேன். மூன்றும் எனக்குச் சரியென்றே பட்டன.

குமுதவல்லி மேடத்தின் வீடு வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில், இரண்டாவது மாடியில் இருந்தது. மேடம் குள்ளமாக இருந்தார். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. அவர் கணவர் முகுந்தன் மாமா ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதை ஒரு பதவி மாதிரி செய்தார். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் காபியை நல்ல காபி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதைப் பற்றி அம்மாவிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மேடம் கொண்டையிலிருந்து பென்சிலை உருவிப் பட்டியலைப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கதை. தொடக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இரத்த அழுத்தக் கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். அதன்பின் நகரப் பேருந்துகளின் நெரிசல். அடுத்து மிருதங்கக் கலைஞர்களின் விரல் வலி. தோசை மாவு புளிக்கும் நேரம். கோயில் குளங்களின் நீர்மட்டம். ரவிக்கை அளவெடுப்பதில் நேரும் பிழைகள். எண்ணக்கூடியது எதுவாக இருந்தாலும் அந்தத் துறைக்காரரோடு போய் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட இருந்து எண்ணிக் கொடுத்தவர் யாரானாலும், மருத்துவரோ நடத்துநரோ, அவர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் போட்டுவிடுவார். எண்ணினவர்தான் எழுதினவர் என்பது அவர் கட்சி.

பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"இது யாரோட ஆடு?" என்றார்.

உங்களுடையது இல்லீங்களா என்று கேட்டேன்.

"ஆட்டை நான் தள்ளி நின்னு பார்த்ததோட சரி. வயிறு வரைக்கும் போனதில்லை."

எம். குமுதவல்லி என்று வேறொருவரும் இருக்கிறார். கால்நடைத் துறைக்காரராக இருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. மிருதங்கத்தையும் தோசை மாவையும் ஆராய்ந்தவர் ஆட்டுக்குட்டியை மட்டும் ஏன் விட்டுவைக்கப் போகிறார் என்றுதான் பட்டியல் போடும்போது நினைத்தேன். மேடத்துக்கு என்மேல் கோபமே வரவில்லை. இன்னொரு குமுதவல்லி இருக்கிறாளா, அவளை ஒருநாள் பார்க்க வேண்டுமே என்று சந்தோஷப்பட்டார். பிறகு ஆட்டை அடித்துவிட்டார். எண்பத்தாறு.

அட்டையில் அச்சாகிவிட்ட எண்பத்தேழைப் பற்றிச் சொன்னேன். ஆடு இருந்துவிட்டுப் போகட்டுமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

"அவ கஷ்டப்பட்டு ஒவ்வொரு குட்டி பின்னாலயும் போய்ப் பார்த்திருப்பா. அதை நான் எடுத்துக்கறதா?" என்றார் மேடம்.

யாழினி அந்த நேரத்தில் முகுந்தன் மாமாவின் மூக்குக் கண்ணாடியைக் கைப்பற்றியிருந்தாள். அதை மீட்டுக்கொண்டே மாமா, கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதெல்லாம் இதில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையில் கை வைத்தேன். கல்யாணத்துக்கு முன்பு அவர் ஆர். குமுதவல்லி. ஆர் என்பது அப்பாவின் பெயர். எம் என்பது முகுந்தன் மாமா. நான் எம் போட்டு மட்டுமே தேடியிருந்தேன். இதில் வேடிக்கை, என் கல்லூரிச் சான்றிதழில் நானும் வி. சங்கீதா. கடவுச்சீட்டில் பி. சங்கீதா. இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனை அலுவலகங்களில் வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கே தோன்றவில்லை.

ஆர் காலத்தில் ஒரே ஒரு கட்டுரை உண்டு என்றார் மேடம். மீன்காரிகளின் கூடையிலிருந்து காக்கைகள் மீன் திருடுவதைப் பற்றியது. சின்ன ஆய்விதழ். அது நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. அப்படியென்றால் எண்ணிக்கை சரியாகிவிட்டதே என்று எழுந்தேவிட்டேன். உட்காரச் சொன்னார்.

"கண்ணால பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கே ஞாபகம் தப்பா இருக்கலாமோன்னோ?"

அவரிடம் பிரதி இல்லை. வெள்ளையடித்தபோது பழைய காகிதங்களை மூட்டையாகக் கட்டித் தியாகராய நகரில் இருக்கும் கரீம் பாய்க்குக் கொடுத்துவிட்டாராம். கரீம் பாய் யார் என்றால், ரவிக்கைக் கட்டுரையின் இணை ஆசிரியர். தையற்காரர்.

மறுநாள் மேடமும் நானும் யாழினியும் ஆட்டோவில் கிளம்பினோம். மெட்ரோ வேலைக்காக எல்லாத் தெருக்களையும் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆட்டோ எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கபாலீசுவரர் கோயில் குளத்துக்கே வந்து நின்றது. மூன்றாவது முறை குளம் வந்தபோது ஓட்டுநர் எங்கள் பக்கம் திரும்பாமலே, சும்மா சுத்தலம்மா, வழி இல்ல என்றார். நான் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தேன். மேடம் குளத்தின் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒரு படி ஏறியிருக்கிறதாம்.

தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்து. அங்கே நடப்பது என்பது நம் விருப்பம் இல்லை. கூட்டம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே போகலாம். ஒரு பாத்திரக் கடைக்குள் தேவையே இல்லாமல் போய்விட்டு வெளியே வந்தோம். அதற்குள் இரண்டு பேர் யாழினியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டார்கள். ஒருவர் பிஸ்கட்டே கொடுத்துவிட்டார். பிஸ்கட் பற்றி மாமியாரின் பட்டியலில் என்ன இருக்கிறது என்று நான் பையில் தேடுவதற்குள் அவள் தின்று முடித்திருந்தாள்.

கரீம் பாய்க்கு எழுபது வயதிருக்கும். மேடத்தைப் பார்த்ததும் தையல் இயந்திரத்தை நிறுத்தி எழுந்து நின்றார். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. காகித மூட்டையைக் கேட்டோம். பாய் சிரித்தார். சுவரில் ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய காகிதங்களைக் காட்டினார். எல்லாம் ரவிக்கை வெட்டுவதற்கான மாதிரிகள். முதுகு, முன்பக்கம், கை, கழுத்து. ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர். மேடத்தின் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் தியாகராய நகரின் அளவுகளில் வெட்டப்பட்டுத் தொங்கியது.

மேடம் வருத்தப்படுவார் என்று பயந்தேன். அவரோ, நல்ல கனமான தாள், வீணாகவில்லை என்றார்.

இரண்டு மணி நேரம் தேடினோம். பேருந்து நெரிசல் ஒரு முதுகாகக் கிடைத்தது. கடைசியில் பாய் ஒரு கையை எடுத்து நீட்டினார். "காக்கா படம் போட்டது இது ஒண்ணுதாம்மா. அசோக் நகர் அம்மா ஒருத்தங்களோட வலது கை" என்றார். அந்தக் காலத்தில் மேடம் வரைபடத்தில் புள்ளிக்குப் பதிலாகக் குட்டிக் குட்டிக் காக்கைகள் வரைந்திருக்கிறார். அட்டவணை இருந்தது, வரைபடம் இருந்தது. தலைப்பும் பெயரும் இல்லை. அவை கழுத்து வளைவில் போயிருக்கும் என்றார் பாய். அந்தக் கழுத்தை எங்கும் காணவில்லை.

மேடம் கையை வாங்கிப் படித்தார். அட்டவணையில் ஒரு தவறு கண்டுபிடித்தார். பென்சிலை உருவி அங்கேயே திருத்த ஆரம்பித்தார். பின்னால் அளவு கொடுக்க வந்த மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் யாழினிக்குக் குல்லா போடச் சொன்னார். மற்ற இருவரும் இந்தப் புழுக்கத்தில் எதற்கு என்றார்கள். நான் போட்டேன், கழற்றினேன். பாய் வெயில் என்றார். போட்டேன். அப்போதுதான் பார்த்தேன், மேடம் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கோடு கோடாக ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று அன்று முழுக்க யோசித்தேன்.

திரும்பும்போது மேடம் சட்டென்று, மேரியிடம் ஒரு பிரதி கொடுத்தேனே என்றார். ஆரோக்கியமேரி. காக்கைகளை எண்ணியவள். ஆகவே இணை ஆசிரியர். அப்போது மயிலாப்பூர் கடற்கரைப் பக்கம் அம்மாவின் கூடைக்குக் காவல் இருந்த பெண். இப்போது அடையாறு பக்கம் மீன் விற்கிறாளாம். எத்தனையோ வருடத்துக்கு முன் கொடுத்த காகிதத்தை ஒரு மீன்காரர் இன்னும் வைத்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இரவு கணவர் போனில், பேசாமல் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றார். எந்த உண்மையை என்று கேட்டேன். ஒப்பந்தம் போனால் போகட்டும் என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இல்லை.

வெள்ளிக்கிழமை மேடம் ஆட்டோ வேண்டாம், பேருந்துதான் என்றார். நெரிசல் பற்றி எழுதியவர், காலியான பேருந்தில் எப்படி ஏற்றுவார்? ஏறியதும், உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கேட்காமலே யாழினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இங்கே அது வழக்கம்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கூட்டம் என்னை ஓட்டுநர் இருக்கை வரைக்கும் தள்ளிவிட்டது. அந்தப் பெண் இறங்கும்போது குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார். அவர் இன்னொருவரிடம். குழந்தை, குழந்தை என்று நான் அழாத குறை.

"பஸ்ஸுக்குள்ளதான இருக்கா. எங்கே போயிடுவா?" என்று நடுவிலிருந்து மேடத்தின் குரல் வந்தது.

அடையாறில் முன்வாசலில் நான் இறங்கி நிற்க, தலைகளுக்கு மேலே கைகளிலேயே மிதந்து வந்து சேர்ந்தாள் யாழினி. ஒரே சிரிப்பு. கையில் பாதி முறுக்கு. குல்லா இருந்தது. வழியில் யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள்.

ஆரோக்கியமேரி பெரிய குடையின் கீழ் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். மேடத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்தார்.

"இன்னா டீச்சரம்மா, இன்னும் எண்ணிக்கினுதான் கீறியா?"

மேடம் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அவர் மீன் சாப்பிடுவதில்லை. எண்ணுவதோடு சரி. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஆட்டையும் விடாமல் சொன்னேன். மேரிக்கா கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்த நெத்திலிக் கூடையின் மூடியை எடுத்துத் தண்ணீரில் அலசிப் புடவையில் துடைத்து என்னிடம் நீட்டினார். மூடி என்று நான் நினைத்தது, பிளாஸ்டிக் உறை ஒட்டிய ஒரு தாள். தலைப்பு. ஆய்விதழின் பெயர். அதன் கீழே ஆர். குமுதவல்லி, ம. ஆரோக்கியமேரி.

காக்கைகள் மீன் திருடுவதைப் பற்றிய கட்டுரையால், காக்கை திருடாமல் மீனை மூடி வைத்திருந்தார்.

"என் பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுதான். மழைல நனையக்கூடாதுன்னு எம் பொண்ணு ஒட்டிக் குட்த்தா. காக்காவும் கிட்ட வராது. படிச்சிப் பாத்துட்டுப் பூடும்" என்றார்.

மேடம் மூக்கை மூடியிருந்த தலைப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். நடுவில் யாழினி அதன் ஒரு மூலையைக் கடித்தாள். உறைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேரிக்காவின் மகளுக்கு என் நன்றி.

ஆட்டை அடித்த இடத்தில் காக்கையை எழுதினார் மேடம். எண்பத்தேழு. நானே முழுதாக எண்ணினேன். பிறகு அவர் எண்ணினார். பிறகு மேரிக்கா, குடு பாக்கலாம் என்று வாங்கி எண்ணினார். மீன் நறுக்கும் பலகையைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார் மேடம். மணி நாலு. படம் எடுத்து அனுப்பினேன். அவசரத்தில் முதல் படத்தில் வஞ்சிரத்தின் தலைதான் விழுந்திருந்தது. அதுவும் மேலதிகாரிக்குப் போய்விட்டது.

பத்து நிமிடத்தில் மேலதிகாரி பதில் போட்டார். எண்ணிக்கை அட்டையில் அச்சானபடியே இருக்கிறது, உன் வேலையில் இந்தத் துல்லியம்தான் எனக்குப் பிடிக்கும், திங்கட்கிழமை புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வா என்றிருந்தது. மேடத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணு கூட, ஒண்ணு குறைய. ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுண்டது. அதுக்குப் பேர் துல்லியம் இல்லை, அதிர்ஷ்டம்" என்றார். சொல்லிவிட்டு, ஆனால் இதைத் திங்கட்கிழமை அங்கே சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மேரிக்கா தன் மகளிடம் எனக்கு நெத்திலி வறுத்துத் தரச் சொன்னார். பக்கத்திலேயே மகளின் அடுப்பு இருக்கிறது. கோலாலம்பூரில் நெத்திலியைச் சோற்றுக்கு ஓரத்தில் கொஞ்சமாக வைப்பார்கள். இங்கே அதுவே சோறு மாதிரி வந்தது. சாப்பிடும்போதே மேரிக்கா சொன்னார், புள்ளைக்கு குல்லாவக் கயட்டு, கடல் காத்து நல்லது. கழற்றிக் கூடை விளிம்பில் வைத்தேன். மேடம் உடனே நோட்டை எடுத்தார்.

இந்த முறை கேட்டுவிட்டேன். அவர் காட்டினார். இரண்டு வரிசை. ஒன்றில் 'போடு', மற்றதில் 'கழற்று'. நான் வந்து இறங்கியது முதல் யார் என்ன சொன்னார்கள் என்று முதல் நாள் காபி குடிக்கும்போதே என் வாயால் சொல்லியிருக்கிறேன், அதையும் சேர்த்திருக்கிறார். பேருந்தில் போட்டவர் யாரென்று தெரியாததால் அதை விட்டுவிட்டார். மேரிக்காவின் கோட்டோடு இரண்டு வரிசையும் சமம்.

அப்படியென்றால் நான் என்னதான் செய்வது என்று கேட்டேன். அதைத்தான் மூன்று நாளாக எல்லாரிடமும் கேட்க நினைத்திருந்தேன்.

மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கூடை விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. நெத்திலியைப் பார்த்தது, கூடைமேல் பழையபடி மூடியிருந்த கட்டுரையைப் பார்த்தது, பிறகு மஞ்சள் குல்லாவைக் கவ்விக்கொண்டு எதிரே இருந்த மரத்துக்குப் போய்விட்டது. மேரிக்கா துடைப்பத்தைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்தது. யாழினி கைதட்டினாள்.

மேடம் நிதானமாக 'கழற்று' வரிசையில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 'காகம்' என்று அடிக்குறிப்பு எழுதினார். தாளைக் கிழித்து, மேலே ஆசிரியர் பெயர்களை எழுத ஆரம்பித்தார். எண்ணினவர்கள், எண்ணப்பட்டவள், எல்லாரும் உண்டு. என் பெயர் வந்ததும் நிறுத்தி, உனக்கு எந்த இனிஷியல் போடட்டும் என்று கேட்டார்.

"ரெண்டையும் போட்டுருங்க. அப்பாவோடதும், அவரோடதும். பாப்பாவுக்கும் என்னோடது ஒண்ணு, அவரோடது ஒண்ணு. பின்னால யாரும் தேடி அலையக்கூடாதுங்க" என்றேன்.

மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் பெயரை அடித்துவிட்டு, ஆர். எம். குமுதவல்லி என்று எழுதினார்.

சனிக்கிழமை விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் முதலில் மூக்கைச் சுளித்தார். மீன் வாடையோடு கையெழுத்துத் தாள் என் மடியில்தான் இருந்தது. பிறகு யாழினியைப் பார்த்தார். ஏசி இப்படி அடிக்கிறதே, குழந்தைக்குக் குல்லா போடவில்லையா என்று கேட்டார்.

"காக்கா தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன். அவர் நம்பாதது போல் பார்த்ததால், கைப்பையைத் திறந்து, அடிக்குறிப்போடு மேடம் கொடுத்த ஆதாரத்தைக் காட்டினேன்.